ஏழரை வயதில் மார்பு அரும்பியது: மகளோடு நாங்கள் போன வழி

நாங்கள் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு, ஏழரை வயது. குளிப்பாட்டும்போது ஒரு பக்க மார்புக் காம்புக்கு அடியில் சின்னதாக ஒரு கட்டி, தொட்டால் வலிக்கிறது என்றாள். என் மாமியார் பார்த்துவிட்டு, "எங்காச்சும் இடிச்சிருப்பா கண்ணு, விளக்கெண்ணெய் தடவி விடு" என்றார்கள். கூடவே இன்னும் இரண்டு விஷயம் எனக்கு உறுத்தியது. ஜூனில் தைத்த யூனிஃபார்ம் ஓணம் லீவுக்குள் குட்டையாகிவிட்டது, விளையாடிவிட்டு வந்தால் பெரியவர்கள் மாதிரி வேர்வை வாடை. எண்ணெயை அலமாரியிலேயே விட்டுவிட்டு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

இதே நிலையில் இருக்கிற அம்மாக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வயதுக் கணக்கு. பெண் குழந்தைக்கு 8 வயது முடியும் முன்பே மார்பு வளர ஆரம்பித்தால் அதைச் சீக்கிரம் வந்த பருவமாற்றம் என்று எடுத்துக்கொண்டு பரிசோதிக்கிறார்கள். எட்டு முடிந்த பிறகு என்றால் பெரும்பாலும் இயல்புதான். முதலில் ஒரு பக்கம் மட்டும் வருவதும் சகஜம். மார்பு அரும்பியதிலிருந்து மாதவிலக்கு வர சுமாராக இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும், அதனால் நாளைக்கே வயதுக்கு வந்துவிடுவாளோ என்று ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் கூடாது, ஏனென்றால் உள்ளே எலும்பு வேகமாக முற்றிக்கொண்டிருக்கலாம். இப்போது வகுப்பிலேயே உயரமாக இருக்கிற பிள்ளை, எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிவிட்டால் பிற்பாடு மற்றவர்களைவிடக் குட்டையாக நின்றுவிடலாம். இது எனக்குத் தெரியவே தெரியாது, உயரமாக வளர்கிறாள் என்று பெருமைதான் பட்டுக்கொண்டிருந்தோம்.

பாலக்காட்டில் பார்த்த டாக்டர், ஹார்மோன் பார்க்கிற குழந்தை மருத்துவரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வேலந்தாவளம் வழியாக கோயம்புத்தூர் எங்களுக்குப் பக்கம், அங்கேயே போனோம். அந்த டாக்டர் ரத்தம், ஸ்கேன் எதற்கும் முன்னால் கேள்விதான் நிறையக் கேட்டார். எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகம், நான் எந்த வயதில் வயதுக்கு வந்தேன், தலைவலி உண்டா, பார்வை மங்குகிறதா, தலையில் அடிபட்டிருக்கிறதா, வீட்டில் யாராவது ஹார்மோன் கிரீம் பூசுகிறார்களா. பழைய உயரக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டபோது நல்லவேளை, அங்கன்வாடி கார்டும் பள்ளியில் அளந்து எழுதியதும் கையில் இருந்தது. எத்தனை மாதத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று அதை வைத்துத்தான் அவர் கோடு போட்டுப் பார்த்தார். அந்தக் கார்டுகளைத் தொலைக்காதீர்கள்.

அப்புறம் இடது கை எக்ஸ்ரே. கையும் மணிக்கட்டும் சேர்த்து ஒரே படம், அதில் எலும்பின் வயதைச் சொல்லிவிடுகிறார்கள். இவளுக்கு எலும்பு வயது பத்தைத் தொட்டிருந்தது. தைராய்டும் பார்த்தார்கள், அது ரொம்பக் குறைந்தாலும் சில பிள்ளைகளுக்கு இப்படி வருமாம், அப்படியென்றால் தைராய்டு மாத்திரையே போதும். கர்ப்பப்பை, சினைப்பை அளவு பார்க்க வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள், தண்ணீர் குடித்துவிட்டு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் அந்த நேரம்தான் அவளுக்கு இருப்பதிலேயே பெரிய கொடுமை.

காலையில் எடுத்த ரத்தத்தில் எல்.எச். (பருவத்தைத் தொடங்கி வைக்க மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பி அனுப்புகிற ஹார்மோன்) அளவு இரண்டுங்கெட்டானாக இருந்ததால் தூண்டல் பரிசோதனை செய்தார்கள். ஒரு ஊசி போட்டு, இடைவெளி விட்டு சில தடவை ரத்தம் எடுப்பார்கள். மூளையிலிருந்து பருவத்துக்கான கட்டளை நிஜமாகவே கிளம்பிவிட்டதா, இல்லை மார்பு மட்டும் தனியாக வளர்ந்து நின்றுவிடுகிற சாதாரண வகையா என்பது அதில் தெரியும். ஒவ்வொரு தடவையும் குத்துவார்களோ என்று பயந்தேன், வென்ஃப்ளான் என்கிற சின்ன பிளாஸ்டிக் குழாயை நரம்பில் ஒரு தடவை குத்தி வைத்து அதிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டு போனால் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம்: குத்துறது ஒரு தடவைதான் அம்மிணி, மிச்ச நேரம் கார்ட்டூன் பாரு. பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு காரணம் என்று ஒன்றும் அகப்படாது என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் மூளையில் ஏதாவது இருந்துவிடக் கூடாது என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஆறு வயதுக்குக் கீழே என்றால் கட்டாயம், ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்வார்களாம். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றும் இல்லை.

மூளையிலிருந்து கட்டளை கிளம்பிவிட்ட வகைதான் இவளுக்கு என்பதால், முடிவாக, மூன்று மாதத்துக்கு ஒரு லூப்ரோலைடு ஊசி, 11.25 மில்லிகிராம். மாதாமாதம் போடுகிற வகையும் உண்டு. பருவத்தை அழிக்கிற மருந்தில்லை இது, நிறுத்தி வைக்கிறது. ஊசியை விட்டால் கொஞ்ச நாளில் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் ஊசிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு லேசாக ரத்தம் படலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், சொல்லாமல் விட்டிருந்தால் அலறியிருப்பேன். தேதி தவறக் கூடாது என்பதுதான் முக்கியம், கல்யாணம் காட்சி எல்லாம் அதற்கு அப்புறம். எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போட மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டை நெருங்கிய பிள்ளை, மாற்றம் மெதுவாக இருக்கிறது என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பதோடு சரி. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் விட்டார்கள், நன்றாக இருக்கிறாள்.

ஆஸ்பத்திரியை சமாளித்துவிடலாம், சொந்தக்காரர்கள்தான் கஷ்டம். "ஊசி போட்டா நாளைக்குப் புள்ளை பெத்துக்க முடியாதுங்க" என்று ஒரு பெரியம்மா. 1980களிலிருந்தே குழந்தைகளுக்குப் போட்டுவருகிற மருந்து, பின்னாளில் கருத்தரிப்பதை அது கெடுப்பதில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லி வாயை அடைத்தேன். பிராய்லர் கோழிதான் காரணம் என்று ஊரே சொன்னது. கோழி அவ்வளவு சீக்கிரம் பெருக்கிறது அதன் இனமும் தீவனமும் செய்கிற வேலை, ஹார்மோன் ஊசி போட்டு இல்லை என்று டாக்டர் விளக்கினார். ஆனால் எடை கூடுவதற்கும் சீக்கிரம் பருவம் வருவதற்கும் தொடர்பு உண்டு, பொரித்த கோழியையும் பாக்கெட் தீனியையும் குறைக்க அது போதுமான காரணம்.

மகளிடம் மறைக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் வருகிற மாற்றம்தான், உன் உடம்பு கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது, டாக்டர் மெதுவாகப் போகச் சொல்லப் போகிறார் என்றேன். "நான் மட்டும்தானா?" என்று கேட்டாள். டாக்டர் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகளைக் காட்டினேன். மாதவிலக்கு என்றால் என்ன என்பதையும் அப்போதே சொல்லி, பேடு எப்படி வைப்பது என்று காட்டி, பையில் ஒன்று போட்டு வைத்தோம். மேலே இறுக்கமில்லாத பருத்தி ஷிம்மீஸ். தொடக் கூடாத இடம், யாராவது தொட்டால் என்னிடம் சொல்வது, குழந்தைகள் உதவிக்குக் கூப்பிடுகிற 1098 எண், இதையும் பழக்கினேன். அவள் அப்பாவிடம் மட்டும் சண்டை போட வேண்டியிருந்தது, மனிதர் திடீரென்று பிள்ளையைத் தூக்குவதையும் மடியில் வைப்பதையும் நிறுத்திவிட்டார். ஏழு வயசுப் பிள்ளைக்கு அப்பா எதற்கு ஒதுங்குகிறார் என்று புரியுமா?

பள்ளியில் வகுப்பு டீச்சரிடம் மட்டும் சொன்னேன். உயரமாக இருப்பதால் அவளைக் கடைசி பெஞ்சில் போட்டு, அழுதால் "இத்தனை பெரிய பொண்ணு அழுவாளா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பாலக்காட்டுக்காரர், மலையாளத்தில் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு மறுநாளே முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

இப்போது மார்பு வளர்ச்சி நின்றிருக்கிறது, போன எக்ஸ்ரேயில் எலும்பு வயதும் அவ்வளவாக ஓடவில்லை. பதினொன்று நெருங்கும்போது ஊசியை நிறுத்துவதைப் பேசலாம் என்கிறார் டாக்டர். பொள்ளாச்சியில் இருக்கிற என் அண்ணன், சீர் எப்போது வைக்கலாம் என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தான். அதற்கு இன்னும் நாலைந்து வருஷம் இருக்கிறது, தட்டு வரிசைக்கு எடுத்து வைத்த பணத்தை இப்போதைக்கு ஊசிக்குக் கொடு என்றேன். கொடுத்தான், ஒரு ஊசிக்கு.