பழைய பைத்தான் நிரலை ஒரே நடைக்குக் கொண்டுவந்த அனுபவம்

பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த ஒரு பைத்தான் நிரல்தொகுப்பை ஒரே நடைக்குக் கொண்டுவரும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது. பைத்தான் நிரலுக்கான நடை விதிகளைச் சொல்லும் பெப் 8 ஆவணம் 2001ஆம் ஆண்டிலிருந்தே இருப்பதால், நான்கு இடைவெளி உள்தள்ளல், ஃபங்ஷன் பெயரில் சிறிய எழுத்தும் அடிக்கோடும் போன்றவற்றில் விவாதிக்க ஒன்றுமில்லை. வரியின் நீளத்தில்தான் வாக்குவாதம் மூண்டது. பெப் 8 சொல்வது 79 எழுத்துகள். பிளாக் என்னும் வடிவமைப்புக் கருவியின் இயல்பான அளவோ 88. கருவியின் பக்கமே சாய்ந்தோம், ஏனெனில் அதன்பின் அந்த விதியை யாரும் கையால் காவல் காக்க வேண்டியதில்லை. ஒற்றை மேற்கோள்குறிகள் எல்லாம் இரட்டையாக மாறியது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அது பற்றிய சண்டை ஓய்ந்தது.

எங்களைத் தயங்கவைத்தது, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் இருந்த வரலாறுதான். தொகுப்பு முழுவதையும் மறுவடிவமைத்தால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று சொல்லும் கிட் பிளேம் கட்டளை, பெரும்பாலான வரிகளுக்கு அந்த ஒரே கமிட்டைத்தான் (பதிவான மாற்றத்தைத்தான்) காட்டும். கிட் 2.23 முதல் இதற்கு வழி உண்டு: குறிப்பிட்ட கமிட்களின் அடையாள எண்களை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் கிட்டுக்குச் சுட்டிக்காட்டினால், பிளேம் அவற்றைத் தாண்டிப் பழைய ஆசிரியரைக் காட்டும். எனவே நிலுவையில் இருந்த பிராஞ்சுகளை (தனித்தனியே வளர்ந்துவந்த நிரல் கிளைகளை) முதலில் இணைத்துவிட்டு, தர்க்கத்தில் எந்த மாற்றமும் கலக்காமல், வடிவமைப்பை மட்டும் தனிக் கமிட்டாகச் செய்தோம்.

இவ்வளவுக்குப் பிறகும் நிரல் அழகாகத் தெரிந்ததே தவிர, படித்தால் புரியவில்லை. 'பிராசஸ்(டேட்டா, ட்ரூ)' என்ற அழைப்பை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது. டேட்டா என்பது கட்டணம் செலுத்தப்படாத பில்களின் பட்டியல் என்பதும், ட்ரூ என்றால் ஏற்கெனவே நினைவூட்டப்பட்டவர்களுக்கும் மீண்டும் அனுப்பு என்பதும் ஃபங்ஷனைத் திறந்து பார்த்தால்தான் தெரிந்தது. அதை 'செண்ட்_ரிமைண்டர்ஸ்(அன்பெய்ட்_பில்ஸ், இன்க்ளூட்_ரிமைண்டட்=ட்ரூ)' என்று மாற்றியதோடு, ஃபங்ஷன் வரையறையில் அந்த அளவுருவுக்கு முன் ஒரு நட்சத்திரக் குறியையும் இட்டோம்; அதன்பின் பெயரைச் சொல்லாமல் ட்ரூ என்று மட்டும் அனுப்பினால் பைத்தானே பிழை காட்டும். ட்ரூவுக்கு ஒரு வேலை, ஃபால்ஸுக்கு முற்றிலும் வேறு வேலை என்றிருந்த ஃபங்ஷன்களை இரண்டாகப் பிரித்தோம்.

அடுத்த வரி செய்வதையே திருப்பிச் சொன்ன குறிப்புரைகளை நீக்கினோம். வெளிச் சேவையகம் சில நேரம் வெற்றுப் பதில் அனுப்புவதால்தான் இங்கே மறுமுயற்சி என்பது போல, காரணம் சொன்னவற்றைத் தொடவில்லை.

இப்போது கமிட்டுக்கு முன்பே பிளாக் ஓடிவிடுவதால், ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சரிபார்க்கும் ரிவியூவில் பேச்சு பெரும்பாலும் பெயர்களைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரே வரியில் தோன்றி அதே வரியில் முடியும் மாறிக்கு ஓரெழுத்துப் பெயரே போதும் என்று விட்டுவிட்டோம். கோப்பு விட்டுக் கோப்பு போகும் மாறிக்குத்தான் முழுப்பெயர் கேட்கிறோம்.