அந்தோணியார் நவநாள், ஜூன் 2023

ஜூன் 3, சனி

அந்தோணியாரிடம் ஒன்பது நாள் ஜெபம், நாளைக்கு ஆரம்பிக்க வேண்டும். திருநாள் 13. நவநாள் 4 முதல் 12 வரை. 5இல் ஆரம்பித்தால் ஒன்பதாம் நாள் திருநாளிலேயே விழும். அது தப்பில்லை. ஆனாலும் முந்தின நாளோடு நவநாளை முடித்துவிட்டு, திருநாளைப் பூசைக்கென்று ஒதுக்குவதுதான் வழக்கம். இந்த வருசம் 13 செவ்வாயில் வருகிறது. அந்தோணியாரை அடக்கம் செய்தது 1231 ஜூன் 17, அதுவும் செவ்வாய். செவ்வாய் பக்தி அதிலிருந்து வந்தது. இங்கே கோவை புலியகுளம் அந்தோணியார் கோயிலில் சாதாரணச் செவ்வாய்க்கே நிற்க இடமிருக்காது.

அக்காவின் வயிற்று வலிக்கு எடுத்த ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று யாரோ அக்காவைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தேவையே இல்லை. மறுநாள் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். ஆண்டவர் விண்ணேறிய பிறகு, தூய ஆவி வரும்வரை மாதாவும் சீடர்களும் ஜெபித்துக்கொண்டு காத்திருந்தார்களே, அந்த நாட்களைப் பார்த்து வந்ததுதான் நவநாள். எண்ணிக்கை பிசகினால் பலிக்காது என்பது மந்திரவாதிக் கணக்கு.

ஜூன் 5

ரிப்போர்ட் இன்றும் இல்லை.

ஜூன் 6, செவ்வாய்

வீட்டுப் பீடத்து அந்தோணியார் சுரூபம், பிளாஸ்டர் சிலை, கழுத்தோரம் பெயிண்ட் கொப்பளித்துவிட்டது. ஈர மல்லிச்சரத்தை அப்படியே போட்டால் இதுதான் நடக்கும். பிளாஸ்டர் சுரூபம் தண்ணீரை உறிஞ்சும், உள்ளே ஈரம் நின்றால் மேலே பெயிண்ட் தூக்கிக்கொள்ளும். சரத்தைக் காலடியில் ஒரு தட்டில் வைத்தால் போதும். துடைக்கக் காய்ந்த துணி அல்லது மெல்லிய பிரஷ், தண்ணீர் கூடவே கூடாது. தூக்கும்போது பாலன் இயேசு இருக்கும் பக்கத்தைப் பிடிக்காமல் அடிப்பீடத்தைப் பிடிக்க வேண்டும். பாலனின் விரல்தான் முதலில் உடையும். நம் சுரூபத்தில் ஏற்கெனவே ஒரு விரல் இல்லை.

ஜூன் 7, புதன்

அம்முச்சி, அம்மாவின் அம்மா, நேர்ந்துவிட்டார்கள். அக்கா எழுந்து வந்தால் அக்காவே வேளாங்கண்ணிக்கு நடந்து போய் மொட்டை போடுவாளாம். "மாதாகிட்டச் சொல்லிப்போட்டேன் கண்ணு, இனி மாத்த முடியாது." இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அக்கா அதைக் கேட்டதிலிருந்து வயிற்று வலியை விட்டுவிட்டு இதையே பேசிக்கொண்டிருக்கிறாள்.

திருச்சபைச் சட்டம் 1193 இதைத் தெளிவாகவே சொல்கிறது: நேர்ச்சை நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும். பேத்தி தலையில் பாட்டி ஏற்ற முடியாது. அதற்கு முந்தின 1191, நேர்ச்சை கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு என்கிறது. மாதாவின் பெயரைச் சொல்லி நேர்ந்தாலும், அந்தோணியார் முன்னால் நின்று நேர்ந்தாலும் வாக்கு போவது கடவுளுக்குத்தான். தெரிந்து, மனதார, நம்மால் முடிகிற நல்ல காரியத்தை நேர வேண்டும். பயத்தில் வாயில் வந்ததையெல்லாம் நேர்வது யாருக்கும் உதவாது. தனக்கென்று நேர்ந்ததை நிறைவேற்ற முடியாமல் போனாலும் வழி இருக்கிறது. பங்குச்சாமியிடம், நம் கோயில் சாமியாரிடம், நியாயமான காரணத்தைச் சொன்னால் விலக்குக் கொடுப்பார், அல்லது வேறொரு நற்செயலாக மாற்றித் தருவார். சும்மா விட்டுவிட்டு உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பதுதான் கூடாது.

மொட்டையைவிட என்னை அறுப்பது, செய்யாவிட்டால் மாதா கோபித்துக்கொள்வார்கள் என்கிற பயம். மன்றாட்டுமாலை தினமும் சொல்கிறோம். ஆண்டவரிடம் "எங்கள்மேல் இரக்கமாயிரும்". புனிதர்களிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". நம்மோடு சேர்ந்து கேட்கிறவர்கள் அவர்கள். வட்டிக்கு விட்டவர்போல வாசலில் வந்து நிற்கமாட்டார்கள்.

அம்முச்சி தன்னால் முடிந்ததை நேரட்டும். செவ்வாய்க்கிழமைப் பூசை, இல்லையென்றால் ஏழைக்கு ஒருவேளைச் சோறு.

ஜூன் 8

காணிக்கைக்கு உப்பும் மிளகும் வாங்கிவர அம்முச்சி ஆள் அனுப்பினார்கள். வாங்கிக் கொடுத்தேன். நேர்ச்சையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஜூன் 9

ரிப்போர்ட் வந்துவிட்டது. அக்காவுக்கு ஆபரேஷன்தான்.

ஜூன் 10, சனி

நோயில் பூசுதல், அதாவது நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் திருவருட்சாதனம், என்றதும் வீட்டில் அழுகை. சாகப்போகிறவர்களுக்குத்தானே என்கிறார்கள். இல்லவே இல்லை. கடுமையான நோய்க்காக ஆபரேஷன் என்றால் அதற்கு முன்னாலேயே வாங்கலாம், வாங்க வேண்டும். பிறகு நோய் முற்றினால் மறுபடியும் வாங்கலாம். நவநாள் இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடுவது பெரிய தப்பு. எந்தப் புனிதரும் திருவருட்சாதனத்துக்குப் பதில் ஆகமாட்டார்.

வேண்டியவை: சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), சாமியார் விரல் துடைக்கப் பஞ்சு, கை கழுவத் தண்ணீர். எண்ணெய் அவரே கொண்டுவருவார். நெற்றியிலும் கைகளிலும் பூசுவார் என்பதால் கையில் ஊசி ஏறியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜன் வைத்திருக்கிற இடத்தில் மெழுகுவத்தி கொளுத்தக்கூடாது. பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்வது) முதலில், அந்த நேரம் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். நற்கருணையை (பூசையில் தரும் அப்பம்) ஆபரேஷனுக்கு முந்தின சாயந்தரமே வாங்கிவிடுவது நல்லது. ராத்திரிக்கு மேல் வாயில் எதுவும் வைக்கக்கூடாது என்பார்கள்.

ஜூன் 11, ஞாயிறு

திரு உடல், திரு இரத்தப் பெருவிழா. மழை. அம்முச்சி இன்னும் மொட்டையில்தான் நிற்கிறார்கள்.

ஜூன் 12, திங்கள்

நாளைத் திருநாளில் மந்திரித்துக் கொடுக்க, பேக்கரியில் அந்தோணியார் பன்னுக்குச் சொல்லியாயிற்று. சூடாகப் பாலிதீனில் கட்டிவிட்டால் உள்ளே வேர்த்து மறுநாளே பூசணம் பிடிக்கும். நன்றாக ஆறவைத்து, காகித உறையில்தான் போட வேண்டும். மந்திரித்ததும் முதல் பங்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. பசித்தவர்களுக்கென்று வந்த அப்பம் அது, நம் வீட்டு மேசைக்கு வருவது கடைசியில்தான்.

அம்முச்சியை நாளைப் பூசை முடிந்து பங்குச்சாமியிடம் கூட்டிப்போகிறேன். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், அவர் சொன்னால் கேட்பார்கள்.

ஆபரேஷன் வியாழன் காலை. சாமியார் புதன் சாயந்தரம் வார்டுக்கு வருகிறேன் என்றார். ஆஸ்பத்திரியில் பார்க்க வருகிறவர்களுக்குப் பாஸ் ஒன்றுதான் தருவார்கள். சாமியாருக்கு அது போய்விட்டால் அம்முச்சியை மேலே எப்படிக் கூட்டிப்போவது?