நோய்த் தணிப்பு உதவியாளரின் திறமையை எங்கே பார்ப்பது?

எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு படுத்திருப்பவரை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பது யாராலும் முடிகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். தேர்ந்த நோய்த் தணிப்பு உதவியாளர், அதாவது குணமாக்க முடியாத நோயாளியின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பராமரிப்பில் செவிலியருக்குத் துணைநிற்பவர், அதைச் செய்வதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று முதலில் கேட்டறிந்து, அது வேலைசெய்ய அரைமணி நேரமாவது விட்டு, அதன்பிறகே அவர் கட்டிலை நெருங்குவார். “ஐயா, வலப்பக்கம் திருப்பப் போறோம்” என்று சொல்லிவிட்டு, கையையோ தோளையோ பிடித்து இழுக்காமல், உடலுக்கு அடியில் விரித்த துணியை எதிரில் நிற்பவரோடு ஒரே நேரத்தில் பற்றித் திருப்புவார். திருப்பிய கையோடு குதிகாலிலும் இடுப்பெலும்பின் மேலும் தோல் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்கிறதா என்று பார்ப்பார். வெளுக்கவில்லை என்றால் அடுத்த வேலைக்குப் போகாமல் செவிலியரைக் கூப்பிடுவார்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் படுக்கைப் புண் பெரும்பாலும் வராது. வராத புண்ணைப் பற்றிக் குறிப்பேட்டில் யாரும் எழுதுவதில்லை. பேச்சு நின்றுபோன நோயாளிக்கு வலி கூடியிருப்பதையும், நேற்றுவரை விழுங்கிய கஞ்சி இன்று கன்னத்திலேயே தங்கிவிடுவதையும் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர் குளிப்பாட்டி ஊட்டிவிடும் உதவியாளர்தான். ஆனாலும் அவர் சொன்னதன் பேரில் மருந்தளவு மாறியது என்ற செய்தி எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.

செவிலியர்களுக்கு 1973 முதல் தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதை நம் அரசு வழங்கிவருகிறது. துணைச் செவிலியர்களுக்கும் அதில் இடம் உண்டு. பதிவு பெறாத உதவியாளர்களுக்கு இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கி, நோய்த் தணிப்புச் சேவையைத் தமிழகத்தின் வீடுகளுக்குக் கொண்டுபோயிருப்பது பெரிய காரியம். ஆனால் செவிலியர் வந்துபோன பிறகு மிச்சமிருக்கும் பொழுது முழுவதும் வீட்டுப் பெண்களின் தலையிலோ சம்பளத்துக்கு அமர்த்திய ஆயாவின் தலையிலோதான் விழுகிறது. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் பெறும் நோய்த் தணிப்பு அமைப்புகளுக்கான விதிகள், உதவியாளருக்கான பயிற்சி வகுப்பு குறைந்தது 75 மணி நேரம் இருக்க வேண்டும் என்றும், அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையோடு கூடிய செய்முறையாக இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. பதிவுபெற்ற செவிலியர் 14 நாளுக்கு ஒருமுறையாவது நோயாளியின் வீட்டுக்கே போய் உதவியாளரின் பணித்தரத்தை மதிப்பிட வேண்டும் என்பதும் விதி. இந்தத் துறை உதவியாளர்களுக்கெனத் தனிச் சான்றிதழ்த் தேர்வும் அங்கே இருக்கிறது. ஊதியம் குறைவு என்ற குறை அங்கும் தீரவில்லை என்றாலும், இந்த வேலையில் தரம் என்று ஒன்று உண்டு, அதைப் போய்ப் பார்க்க வேண்டியது ஒருவரின் பொறுப்பு என்பதாவது எழுத்தில் இருக்கிறது.

நான் செவிலியராக இருக்கும் மையத்தில் இந்த ஆண்டு உதவியாளர் ஒருவருக்கு விருது தர முடிவெடுத்தபோது வந்த பரிந்துரைகளில் ‘சிரித்த முகம்’, ‘முகம் சுளிக்காதவர்’, ‘விடுப்பே எடுக்காதவர்’ என்ற மூன்றும்தான் மாறிமாறி இருந்தன. குணத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால், கற்றுத் தேர்ந்த தொழில் ஒன்று அங்கே நடக்கிறது என்பதை நாமே மறுத்தவர்கள் ஆகிறோம். (விடுப்பே எடுக்காதவரைப் பாராட்டுவதற்கு முன் அவருக்கு விடுப்புக் கொடுத்திருக்கலாம்.) ஆகவே, பரிந்துரைக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவரும் நோயாளியைத் திருப்புவதையும் வாய் சுத்தம் செய்வதையும் மூத்த செவிலியர் ஒருவர் உடனிருந்து பார்க்கட்டும், அவர்கள் கவனித்துச் சொன்னவை இனி அவர்கள் பெயரோடு குறிப்பேட்டில் ஏறட்டும், வாராந்திரக் கூட்டத்தில் மருத்துவருக்கு முன்னால் அவர்கள் பேசட்டும், பரிசு சம்பள உயர்வாக இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் மூன்றுக்கும் தடையில்லை. சம்பள உயர்வு அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படுமாம். சால்வைக்கு மட்டும் சொல்லியாகிவிட்டது.