டர்போ டீசலுக்கு ஆயில் கேட்ச் கேன்: லேத் பட்டறையில் செய்யும் முறை

டர்போ டீசல் காரில், டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் எண்ணெய் ஒட்டும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, சூடான ஆயிலின் நுண்துளிகளையும் அள்ளிக்கொண்டு எஞ்சின் மூச்சு விடும் ப்ரீதர் ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்கு வந்து சேர்கிறது. ஆயில் மட்டும் என்றால் பெரிய கெடுதல் இல்லை. எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு அனுப்பும் புகைக்கரியும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் அதே மேனிஃபோல்டுக்குள் வருவதால், இரண்டும் கலந்து தார் மாதிரி இறுகிக் காற்றுப் பாதையைச் சுருக்கிவிடும். அந்த ஆயிலை வழியிலேயே மறித்துப் பிடிப்பதுதான் கேட்ச் கேனின் வேலை.

சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல் எஞ்சினுக்கும் இது பயன்படும். அங்கே இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. டர்போ இல்லாத, போர்ட்டில் பீய்ச்சும் சாதாரண பெட்ரோல் எஞ்சினுக்குச் செலவு வீண் என்பதே என் கருத்து.

ஒரு பாட்டிலில் இரண்டு நிப்பிள் (ஹோஸ் மாட்டும் குழாய் முனை) வைத்தால் கேட்ச் கேன் ஆகிவிடாது. வாயு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராகப் போய்விடும், துளிகளும் கூடவே போகும். துளி விழ வேண்டுமென்றால் வாயுவின் வேகம் குறைய வேண்டும், திசை திரும்ப வேண்டும், குளிர்ந்த உலோகத்தில் உரச வேண்டும்.

உடலுக்கு 76 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. கனமுள்ள எஸ்.எஸ். 304 குழாய் போதும். மாடிப்படிக் கைப்பிடி செய்யும் கடைகளில் துண்டாகக் கிடைக்கும். 150 மி.மீ. நீளம் வெட்டினால் கொள்ளளவு சுமார் 640 மி.லி. 19 மி.மீ. ஹோஸில் வரும் வாயு இதற்குள் நுழைந்ததும் அதன் வேகம் பதினைந்தில் ஒரு பங்காகிவிடும்.

அடியில் ஒரு தகட்டை ஆர்கான் வெல்டிங் செய்து மூடி, அதன் நடுவில் கால் இஞ்ச் பால் வால்வுக்கு ஒரு சாக்கெட் வையுங்கள். மேலே 5 மி.மீ. கனத்தில் 105 மி.மீ. விட்டமுள்ள ஃபிளேஞ்ச் (மூடி உட்காரும் விளிம்பு வளையம்), அதே அளவில் மூடி, ஆறு எம்5 போல்ட். வெல்டிங் சூட்டில் ஃபிளேஞ்ச் கட்டாயம் வளையும். அதனால் வெல்டிங் முடிந்த பிறகுதான் லேத்தில் முகத்தைச் சீவ வேண்டும். முன்பே சீவி வைத்தால் ஓ-ரிங் ஒரு நாளும் உட்காராது. 3 மி.மீ. தடிமன் ஓ-ரிங்குக்கு 2.3 மி.மீ. ஆழம், 4 மி.மீ. அகலத்தில் காடி வெட்டச் சொல்லுங்கள். வைட்டான் ரப்பர் நல்லது.

உள்வரும் குழாய் மூடியைத் துளைத்து இறங்கி, அடித்தகட்டுக்கு 60 மி.மீ. மேலே முடிய வேண்டும். முனையைச் சாய்வாக வெட்டிச் சுவரைப் பார்க்கும்படி திருப்பினால் வாயு சுவரில் மோதித் திரும்பும். அடியிலிருந்து 80 மி.மீ. உயரத்தில் 3 மி.மீ. ஓட்டைகள் போட்ட சல்லடைத் தகடு ஒன்று மூன்று சின்னத் தாங்கிகளின் மேல் உட்காரட்டும். மூடிக்கு 20 மி.மீ. கீழே, உள்வரும் குழாயோடு டாக் அடித்த (புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்த) இன்னொரு சல்லடை. இரண்டுக்கும் நடுவே பாத்திரம் தேய்க்கும் சுருள் கம்பி ஸ்க்ரப்பர் இரண்டு, தளர்வாக. வெளிப்போகும் குழாய் மூடியின் மட்டத்திலேயே நின்றுவிட வேண்டும், உள்ளே நீளக் கூடாது. இரு குழாய்களின் துவாரமும் எஞ்சினின் ஒரிஜினல் நிப்பிளை விடச் சிறுத்துவிடக் கூடாது. வெர்னியர் வைத்து அளந்துவிட்டுக் குழாய் வாங்குங்கள்.

ஸ்க்ரப்பர் வாங்கும்போது காந்தத்தைக் கையில் வைத்திருங்கள். இறுக்கிப் பிடித்தால் அது மட்டமான கம்பி. கேனுக்குள் சேரும் தண்ணீரில் துருப்பிடிக்கும். மெல்லிய இழை எஃகுப் பஞ்சு வேண்டவே வேண்டாம். உடைந்த இழை நேராக டர்போ விசிறிக்குப் போகும். இதே காரணத்துக்காகவே வேலை முடிந்ததும் உள்ளே டீசலால் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மினுமினுப்பாக ஒரு பொடி தெரிந்தாலும் திரும்பக் கழுவ வேண்டும்.

பிறகு ஒரு நிப்பிளை அடைத்து, மற்றதில் சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றடித்து, பஞ்சர் கடையில் ட்யூபை அமுக்குவது போலத் தொட்டித் தண்ணீரில் அமுக்குங்கள். ஒரு குமிழி கூட வரக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் இது இன்னும் முக்கியம்: எஞ்சினுக்குள் சேரும் இந்த வாயுவை மேனிஃபோல்டுக்கு அளவாக விடும் பி.சி.வி. வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கேன் உட்காருவதால், கசிவு வழியே கணக்கில் வராத காற்று புகுந்து ஐடில் ஏறும், செக் எஞ்சின் விளக்கு எரியும். பி.சி.வி. வால்வை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

ஹோஸ் நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். தண்ணீர் விடும் பிளாஸ்டிக் டியூப் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும்; சாதா சிலிக்கான் ஹோஸில் ஆயில் வியர்க்கும். எஞ்சினிலிருந்து கேன் வரை ஹோஸ் இறக்கமாகவே வர வேண்டும். நடுவில் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கி வழியை அடைக்கும். கேனை டர்போவுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தள்ளி, காற்றுப் படும் இடத்தில், பாடியில் பிராக்கெட் போட்டு நிறுத்துங்கள். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. ஹோஸுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டால்தான் நிப்பிளிலிருந்து உருவாது.

மாட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை. எஞ்சின் ஐடிலில் இருக்க, ஆயில் ஊற்றும் மூடியை எடுத்து அந்த வாயில் ஒரு காகிதத்தை வைத்து அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். மாட்டிய பிறகும் அதே மாதிரி இருக்க வேண்டும். முன்னைவிட வேகமாகத் தூக்கி எறிந்தால் கேன் வழியை மறிக்கிறது. அப்படியே ஓட்டினால் கிராங்க் ஆயில் சீல் கசியும், டிப் ஸ்டிக் தானாக எழும்பும்.

டீசலில் உண்மையான ஆபத்து, கேன் நிரம்புவது. தேங்கிய ஆயில் மொத்தமாக டர்போவுக்குள் இழுபட்டால் எஞ்சின் அதையே எரித்துத் தாறுமாறாக வேகமெடுக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. மாட்டியதும் முதலில் 500 கிலோமீட்டரில் வடித்து அளந்து பாருங்கள். 30 மி.மீ. உயரம், அதாவது சுமார் 125 மி.லி.யைத் தாண்டாதபடி வடிக்கும் இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள். அளவு திடீரென்று கூடினால் கேனைக் குறை சொல்லாமல், எஞ்சினின் ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் அதிகம் ஊற்றியிருக்கிறதா, ரிங்கோ டர்போவோ தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பால் வால்வின் கைப்பிடி அதிர்வில் திறக்காமல் ஒரு டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

வெளிப்போகும் ஹோஸைக் காற்றுக் குழாயில் மாட்டாமல் வெளியே தொங்கவிடுவது தப்பு. புகை விதிகள் இந்த வாயு வெளியே வருவதை அனுமதிப்பதில்லை, நாற்றமும் ஏசி வழியாக உள்ளே வரும். கேனில் வடிவது தண்ணீரும் எரிபொருளும் அமிலமும் கலந்த கழிவு. குறுகிய தூரமே ஓடும் காரில் மோர் நிறத்தில்கூட வரும். அதைத் திரும்ப எஞ்சினில் ஊற்றவோ சாக்கடையில் கொட்டவோ வேண்டாம். வேறொரு டப்பாவில் ஊற்றி மூடி வைத்து, அடுத்த ஆயில் சேஞ்சின்போது பழைய ஆயிலோடு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.