கல்லின் தலையைப் பார்த்தால் சாலையின் ஜாதகம் தெரியும்

தேசிய நெடுஞ்சாலை எண்களை 2010இல் மாற்றினார்கள். கிழக்கு மேற்காகப் போவது ஒற்றைப்படை. எண் வடக்கிலிருந்து தெற்கே ஏறும். வடக்கு தெற்காகப் போவது இரட்டைப்படை. கிழக்கிலிருந்து மேற்கே ஏறும். குடியாத்தம் வழியாக வேலூருக்கு வருவது 75. வேலூரில் தொடங்கித் திருவண்ணாமலை, திருச்சி வழியாகத் தூத்துக்குடி போவது 38.

ஆம்பூர் வழியே கிழக்கு மேற்காக ஓடும் சாலைக்கு ஏன் 48? அது டெல்லியில் கிளம்பி மும்பை, பெங்களூரு சுற்றிச் சென்னை வருவது. கணக்கு முழு நீளத்துக்கு. நம்மூர்த் துண்டுக்கு அல்ல. பழைய ஆவணங்களில் இதே சாலை ராணிப்பேட்டை–கிருஷ்ணகிரி இடையே 46 என்றிருக்கும். நில எல்லை சரிபார்க்கும்போது குழப்புவது இதுதான்.

மூன்று இலக்கம் என்றால் கிளை: 544 என்பது 44இன் கிளை.

மாநில நெடுஞ்சாலை எண்களில் இந்தத் திசைக் கணக்கெல்லாம் தேடாதீர்கள். ஆற்காடு–விழுப்புரம் 4, கடலூர்–சித்தூர் 9, அவ்வளவுதான்.

கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசியம், பச்சை என்றால் மாநிலம். பள்ளம் பற்றிப் புகார் எழுதுமுன் அந்த நிறத்தையும், கல்லிலுள்ள கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சைக்கல் சாலைக்கும் மாவட்டச் சாலைகளுக்கும் மாநில நெடுஞ்சாலைத் துறை. ஊராட்சிச் சாலைக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகம். அலுவலகம் மாறிப் போனால் மனு மேசை மேசையாய் அலையும்.