ஆறே கால் சென்ட்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்று ஒரு ஊர். அங்கே பழைய பூட் பருத்தி மில்லை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒரே கூடத்தில் 88 விசைத்தறிகள். போன அக்டோபரில் அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். உள்ளே நுழையும்போது காதடைப்பான் கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் தறி ஓட்டிய மனிதர், அந்தச் சத்தத்துக்காகத்தானே வந்திருக்கிறார்!

ஓடிக்கொண்டிருந்தவை சில தறிகள்தான். அதற்கே தரை அதிர்ந்தது. அப்பா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தறியையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று என் காதருகே வந்து, "ஊடை அறுந்துபோச்சு, இப்ப நிக்கும் பாரு" என்றார். தறி நின்றது. அங்கே வேலை பார்ப்பவர் வந்து நாடாவை எடுத்துப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். பாஷை தெரியாத இரண்டு பேர், ஒரே தொழில்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "ஏம்மா, இவங்களுக்கு இந்தத் தறியெல்லாம் யாரு கத்துக்கொடுத்தா?"

"யாரும் கத்துக்கொடுக்கலப்பா. ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வந்தார்."

அந்த ஒருத்தர் பிரான்சிஸ் கபட் லோவல், பாஸ்டன் வணிகர். 1810-ல் பிரிட்டனுக்குப் போனவர் 1812-ல் திரும்பினார். அப்போது நெசவு இயந்திரங்களையோ அவற்றின் வரைபடங்களையோ நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக பிரிட்டனில் தடை இருந்தது. மான்செஸ்டர் பக்கத்து மில்களில் கண்ணால் பார்த்ததை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். பால் மூடி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டு, பாஸ்டனுக்கு அருகே வால்தமில் சார்லஸ் ஆற்றங்கரையில் தறியை உருவாக்கினார். 1814 இலையுதிர் காலத்தில் அது ஓடியது. கூட்டாளி நேதன் ஆப்பிள்டன் பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பில், தானும் லோவலும் அந்தத் தறியின் அழகான ஓட்டத்தை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறார்.

அமெரிக்காவும் பிரிட்டனும் அப்போது போரில் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து அதிபர் மாளிகைக்குத் தீ வைத்தது. தலைநகரம் கரியாகிச் சில வாரங்களில் வால்தமில் ஒரு தறி ஓடுகிறது. அந்தக் காலத்து அமெரிக்க தேசியத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் போரில் பிரிட்டிஷ் படையை முறியடித்த நியூ ஆர்லியன்ஸ் வெற்றி இல்லை, இந்தத் தறிதான்.

போர் முடிந்தது, இன்னொரு போர் தொடங்கியது. 1815-லிருந்து பிரிட்டிஷ் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கி ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனது. நஷ்டத்துக்கு விற்றாவது அமெரிக்க ஆலைகளைத் தொட்டிலிலேயே நசுக்குவது லாபம்தான் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே ஒருவர் பேசினார். 1816-ல் லோவலும் ஆப்பிள்டனும் பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டுப் பக்கம் போனபோது, பாடக்கெட் என்ற மில் ஊரில், அமெரிக்காவில் நூற்பாலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஸ்லேட்டரின் பழைய மில்லைத் தவிர ஒரு சக்கரமும் சுற்றவில்லை. ஒரு நெசவு ஊரில் சத்தம் நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த சுங்கவரிச் சட்டத்தில்தான் என் மனம் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிறது. பருத்தித் துணிக்கு 25 சதவீத வரி. இதில் பெரிய விசேஷம் இல்லை. சூட்சுமம் அடுத்த வரியில் இருக்கிறது: கஜம் 25 சென்டுக்குக் குறைவான துணி எதுவாக இருந்தாலும், 25 சென்ட் என்றே வைத்து வரி போட வேண்டும். அதாவது குறைந்தது ஆறே கால் சென்ட். எட்டு சென்ட் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். நியாயமாக வரி இரண்டு சென்ட். இந்தக் கணக்கில் ஆறே கால், முக்கால் விலைக்கும் மேலே! உயர்ந்த ரகத் துணிக்கு இந்தச் சுமை கிடையாது. மலிவான காடாவுக்குத்தான். அன்று அமெரிக்கச் சந்தையில் மலிவான காடா என்றால் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன துணி. வால்தம் தறி நெய்ததும் அதே காடா.

இந்த ஏற்பாட்டுக்காக வாஷிங்டனில் வாதாடியவரும் லோவல்தான் என்று ஆப்பிள்டன் எழுதியிருக்கிறார். ரோட் ஐலண்டு ஆலைக்காரர்கள் இன்னும் மிக உயர்ந்த வரி கேட்டார்கள். இவர் கேட்டது அளவோடு. சம்மதிக்க வைத்ததும் யாரை என்று பாருங்கள்: பஞ்சு விளையும் தென் கரோலினாவின் மக்கள் பிரதிநிதிகளான லௌண்ட்ஸ், கால்ஹூன். இந்தியத் துணி இந்தியப் பஞ்சில் நெய்தது, வால்தம் துணி உங்கள் பஞ்சில் நெய்வது என்பதுதான் தெற்குக்குச் சொல்லப்பட்ட நியாயம். வடக்கின் தறியும் தெற்கின் வயலும் ஒரே துணியில் பாவும் ஊடையுமாகச் சேர்ந்தன.

அந்த நேரத்தில் அது மனப்பூர்வமான நம்பிக்கையாகவே இருந்தது என்று நினைக்கிறேன். அதே 1816-ல் இரண்டாம் தேசிய வங்கிக்கு அனுமதி கிடைத்தது. சாலையாலும் கால்வாயாலும் குடியரசைக் கட்டிப்போடுவோம் என்று 1817-ல் கால்ஹூன் முழங்கி, அதற்கு ஒரு மசோதாவும் கொண்டுவந்தார். அதிபர் மேடிசன், பதவி முடிவதற்கு முந்தின நாள், அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அந்த மசோதாவைத் தடுத்துவிட்டார். சரி, எங்கள் கால்வாயை நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று நியூயார்க் மாநிலம் இறங்கி, 363 மைல் ஈரி கால்வாயை 1825-ல் முடித்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

துணி விலை மட்டும் சொல்கிறேன். வால்தம் காடா 1816-ல் கஜம் 30 சென்ட். 1819-ல் 21. 1826-ல் 13. 1829-ல் எட்டரை. 1819-ல் நாடே கடனில் முழுகிப் பருத்தி விலை விழுந்தபோதும் வால்தம் மில் நின்று பிடித்தது. பொதியாக உள்ளே போன பஞ்சு அதே கட்டடத்தில் நூலாகித் துணியாக வெளியே வந்ததுதான் அதன் பலம். லோவல் இதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. 1817-ல், 42 வயதில் இறந்துவிட்டார். கூட்டாளிகள் 1820-களில் மெரிமாக் ஆற்றங்கரையில் ஒரு மில் ஊரையே எழுப்பி அவர் பெயரை வைத்தார்கள். பண்ணை வீட்டுப் பெண்கள் விடுதியில் தங்கி, மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் தறிக்குப் போனார்கள். 1834-லும் 1836-லும் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வடக்கு-தெற்கு ஒப்பந்தம் நிலைக்கவில்லை. 1816-ல் கப்பல் வணிகர்கள் பக்கம் நின்று உயர்ந்த வரியை எதிர்த்த வடக்கு அரசியல்வாதி வெப்ஸ்டர், 1828-ல் வரிக்கு ஆதரவு. 1816-ல் வரிக்காகப் பேசிய கால்ஹூன், 1828-ல் அதற்கு எதிராகப் பெயர் போடாமல் நீண்ட அறிக்கை எழுதினார்.

இதையெல்லாம் ஆற்றோர பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பஞ்சு யாரு பறிச்சா?"

அடிமைகள், அப்பா. 1790-ல் நாட்டில் சுமார் 7 லட்சம் அடிமைகள். 1820-ல் 15 லட்சத்துக்கும் மேல். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் குடும்பத்தைப் பிரித்து விற்று, அலபாமாவுக்கும் மிசிசிப்பிக்கும் சங்கிலியில் நடத்திக்கொண்டு போனார்கள். அந்தப் பஞ்சு பொதியாக வடக்கே வந்தது. அதில் ஒரு பங்கு மறுபடி தெற்கே போனது. வெளுக்காத, தடித்த நூலில் நெய்த, இருப்பதிலேயே மலிவான துணி. தோட்ட முதலாளிகள் அடிமைகளின் உடுப்புக்காக அதை மொத்தமாக வாங்கினார்கள். அடிமையாக இருந்து விடுதலையான முதியவர்கள் 1930-களில் நினைவுகளைச் சொன்னபோதும், சிறு வயதில் உடுத்திய அந்த முரட்டுத் துணியை 'லோவல்' என்றே சொன்னார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அருங்காட்சியகக் கடையில் வாங்கிய, அங்கேயே நெய்த துண்டு ஒன்று மடியில் இருந்தது. அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"வெளுக்காத தடி நூலா?"

"ஆமாப்பா."

"வேர்வையில அது உடம்பை அறுக்குமேம்மா."