முதுகுத் தண்டுவடம் ஏன் திரும்ப வளர்வதில்லை?

"கையில நரம்பு அறுந்தா தைச்சு விடுறாக, தேறிருது. முதுகுல மட்டும் ஏன்டா ராசா முடியல?" காரைக்குடியில் ஆச்சி கேட்டது. கானாடுகாத்தானில் பழைய வீடொன்றில் பூச்சு வேலை பார்க்கையில் சாரத்திலிருந்து விழுந்த என் சித்தப்பா மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

கை, கால் நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். தண்டுவட இழைகளுக்கு அந்தச் சக்தியே கிடையாது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1981இல் கனடாவின் மாண்ட்ரியாலில் டேவிட், அகுவாயோ என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் கால் நரம்பை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தார்கள். இழைகள் அதற்குள் சுமார் 3 செ.மீ. ஓடின! சக்தி இருக்கிறது, சுற்றியுள்ள இடம்தான் விடுவதில்லை. தண்டுவட இழைகளின் உறையிலுள்ள 'நோகோ' போன்ற புரதங்கள் வளர்ச்சியைத் தடுக்கின்றன, காயத்தழும்பும் மறிக்கிறது. ஆய்வுகள் பலவும் இந்தத் தடையை நீக்கத்தான் பாடுபடுகின்றன.

2023இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வுக் குழு, மூளையின் சமிக்ஞையைக் கருவி வழியே தண்டுவடத்துக்கு அனுப்பி ஒருவரை நடக்க வைத்தது. அறுந்ததை ஒட்டவில்லை, தாண்டிப் போனது. படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதற்கிடையே, ஸ்டெம்செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) ஊசிக்குச் சில லட்சம் என்று ஒருவர் வந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, முதுகுத்தண்டுக் காயத்துக்கு அதை ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. தயவுசெய்து நிலத்தை விற்காதீர்கள்.

தம்பியை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறோம், புண் வரக்கூடாது. வாசல் படிகளுக்குச் சரிவு கட்ட நல்ல கொத்தனார் தெரிந்தால் சொல்லுங்கள்.